ஊசி கேட்ட விருத்தம்

என் குரல் போன பிறகு, ஒருவன் தாழ்ந்து பேசினால் எதிரே நிற்பவரும் தாழ்ந்துதான் பேசுவார் என்பதைக் கண்டுகொண்டேன். கல்முனைச் சந்தையில் கீரி மீன் விற்பவரிடம், காற்றாகிவிட்ட வாயால், இது இன்றைய மீன்தானா என்று கேட்டேன். நாள் முழுவதும் கூவி விற்கும் அந்த மனிதர் இருபுறமும் பார்த்துவிட்டு, தராசுக்கு மேலாகக் குனிந்து, இன்றைய மீன்தான் என்று என் காதுக்குள் சொன்னார். பக்கத்தில் நின்றவர் எங்கள் இருவரையும் ஐயத்தோடு நோக்கினார். வீட்டுக்கு வந்து இதை என் மனைவியின் காதருகே சொன்னபோது, அவள் மீன் கழுவிய கையோடு நின்று சிரித்தாள்.

"மீனையும் களவாத்தான் வாங்கினீங்களா, மச்சான்?"

அவள் என் மாமியின் மகள். மணம் முடித்து நாற்பது ஆண்டுகள் கடந்த பின்னும் அந்தப் பழைய முறைச்சொல்லாலேயே என்னை அழைக்கிறாள். சாய்ந்தமருதில், எங்கள் வழக்கப்படி அவளுக்குச் சீதனமாக வந்த வீட்டில்தான் இருவரும் வாழ்கிறோம்.

கழுத்தில் நெடுங்காலம் இருந்த தைரொயிட் கழலையைச் சத்திரசிகிச்சை செய்து அகற்றியபோது குரல் போயிற்று. அறுத்த மருத்துவரிடம் குறை காண எனக்கு மனமில்லை. கழலை நரம்பின் மேல் ஒட்டிக் கிடந்ததாம். அதைப் பிரித்தெடுக்கையில் நரம்பு துவண்டுவிட்டதாம். குரல்நாண்கள் இரண்டில் வலது நாண் அசைந்தது. இடது நாண் நடுவுக்கு வராமல் ஒதுங்கிக் கிடந்தது. இரட்டைக் கதவில் ஒன்று மட்டும் மூடினால் காற்று எப்படிப் புகுந்து போகுமோ, அப்படி என் மூச்சு சொல்லாகாமலே வெளியே போயிற்று. தண்ணீர் குடித்தால் புரைக்கேறியது. தொலைபேசியில் எதிர்ப்பக்கத்தார் "ஹலோ, ஹலோ" என்று இருமுறை சொல்லிவிட்டுத் துண்டித்தனர். இவற்றையெல்லாம் பொறுத்தேன். ஸலாமுக்குப் பதில் சொல்ல இயலாமையைப் பொறுப்பதுதான் கடினமாயிருந்தது. பதில் சொல்வது கடமை, நான் சொன்னேன், அது சொன்னவர் காதை எட்டவில்லை. ஒருவர் மூன்று வெள்ளிக்கிழமைகள் என் முகம் பாராமல் போனார். எனக்குப் பெருமை பிடித்துவிட்டதென்று அவர் எண்ணியிருந்தார். அதன் பின்னர், பதில் சொல்லும்போதே வலக்கையை நெஞ்சில் வைத்துத் தலை தாழ்த்தப் பழகினேன்.

ஆயினும் நான் உள்ளூர ஏங்கியது வேறொன்றுக்கு.

பிரதேச செயலகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். உத்தியோகம் வயிற்றுக்கு இருந்தது. உயிருக்கு, நபிகள் நாயகத்தின் புகழைச் செந்தமிழில் பாடும் விருத்தங்கள் இருந்தன. நபிகள் பிறந்த மௌலிது மாதத்தில் அவற்றைப் பள்ளிவாசலில் பாடுவேன். வீட்டில் நாள்தோறும் விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்து வந்து பாடுவேன். எங்கள் குடும்பத்தில் கையெழுத்துப் படியாக வந்த ஓர் அந்தாதி அது. ஒரு பாடல் எந்தச் சொல்லில் முடிகிறதோ, அந்தச் சொல்லிலேயே அடுத்த பாடல் தொடங்கும். நான் விறாந்தையில் அமர்ந்து பாடுவேன். மனைவி குசினியில் இடியப்பம் பிழிந்துகொண்டிருப்பாள். அவளுக்கு அந்தாதியில் ஒரு பாடலும் முழுதாகத் தெரியாது. ஒவ்வொரு பாடலின் கடைசிச் சொல் மட்டும் தெரியும். நான் பாடலை முடித்து மூச்செடுக்கும் இடைவெளியில் அவள் உள்ளிருந்து அந்தச் சொல்லைத் தருவாள். நான் அதை வாங்கி அடுத்ததைத் தொடங்குவேன். இதை நாங்கள் யோசித்து ஏற்படுத்தவில்லை. மணமான புதிதில் ஒருநாள் அடுத்த பாடல் மறந்து நான் திகைத்து நின்றபோது, இடியப்பத் தட்டைக் கையில் வைத்தபடியே அவள் சொல்லை எறிந்தாள். அன்று தொடங்கிய வழக்கம்.

பாடுகையில் சீர்களை விரற்கணுக்களில் எண்ணுவேன். இறைவனைத் துதித்துத் தஸ்பீஹ் ஓதுவோர் எண்ணுவது போலத்தான்; பெருவிரல் மற்ற நான்கு விரல்களின் கணுக்களைத் தொட்டுக்கொண்டு போகும். அறுசீர் விருத்தத்துக்கு அது நன்றாகப் பொருந்தும். நான்கு விரல்களுக்குப் பன்னிரண்டு கணுக்கள், இரண்டு அடிகள். இரண்டு சுற்றில் ஒரு பாடல் நிறைந்துவிடும். அந்த நான்கு அடிகளில் மூன்றாவதில் இராகம் மேலே ஏறும். நான்காவதில் இறங்கி வந்து அமரும். புலவர் இறைவனிடம் வேண்டுவதெல்லாம் அந்த மூன்றாம் அடியில்தான் இருக்கும்.

சத்திரசிகிச்சைக்குப் பின் சில நாள், விடியலில் குசினியிலிருந்து இடியப்பம் பிழியும் உரலின் ஓசை மட்டும் கேட்டது. ஒருநாள் நான் தொழுது வந்து வழக்கமான இடத்தில் அமர்ந்திருக்கையில், அவள் உள்ளிருந்து, "கரை" என்றாள். ஒன்பதாம் பாடலின் கடைசிச் சொல். அச்சம் வந்தபோதெல்லாம் நான் ஓதும் பாடல் அது என்பது அவளுக்குத் தெரியும். பிள்ளைகள் பிறந்தபோது வைத்தியசாலை வாசலில் அதைத்தான் ஓதினேன். கடல் ஊருக்குள் வந்த அந்தக் காலையில் அவளைத் தேடி ஓடியபோதும் அதைத்தான் ஓதினேன். சொல்லைத் தந்துவிட்டு அவள் காத்திருந்தாள். நான் வாயைத் திறந்தேன், காற்று வந்தது. சற்று நேரம் கழித்து உரல் மறுபடியும் ஓசையிடத் தொடங்கியது. அதன் பிறகு அவள் சொல் எறியவில்லை.

மௌலிது மாதம் வந்தது. பள்ளிவாசலில் வேறொருவர் பாடினார். நல்ல மனிதர், பாடம் சுத்தம். மூன்றாம் அடியில் மட்டும் அவர் மேலே போகாமல், பள்ளத்தைக் கண்டு வண்டியை ஒதுக்குவது போல ஒதுங்கிப் போனார். அந்த இடத்தில் எனக்குள் ஒரு மகிழ்ச்சி எழுந்தது. அது எத்தகைய மகிழ்ச்சி என்பதை உணர்ந்த மறுகணமே வெட்கி, இறைவனிடம் மன்னிப்புக் கேட்டு இஸ்திக்ஃபார் செய்தேன். வீடு திரும்பும் வழியில், அந்த அடியை ஒரேயொரு முறை பாடிவிட்டால் போதும் என்று மனம் குழந்தை போல அடம்பிடித்தது.

காது மூக்குத் தொண்டை மருத்துவர் மூக்கின் வழியே கமரா விட்டுப் பார்த்து, எனக்கு முன்னால் இரண்டு வழிகளை வைத்தார். கழுத்தின் பக்கவாட்டில் சிறு துளையிட்டு, ஒரு சிறு கட்டையைச் செருகி, கிடக்கும் நாணை நடுவுக்குத் தள்ளிவிடலாம். பேச்சு நன்றாக வரும், புரைக்கேறாது, ஆனால் அது நிரந்தரமான வேலை. நரம்பு தானாகவே உயிர்பெறுமானால், அவசரப்பட்டு அதைச் செய்வது வீண். நரம்பில் உயிர் இருக்கிறதா என்பதைக் கமரா சொல்லாது. குரல்வளைத் தசைக்குள் ஊசி செலுத்தி, அங்கே ஓடும் மின்சாரத்தைக் கேட்டுப் பார்க்க வேண்டும். அதை மிக முந்திச் செய்தாலும் பிழையான விடை வரும்; மிகப் பிந்தினாலும் பயன் குறையும். செய்யத் தெரிந்தவர்களும் அரிது. கட்டை வைத்தால் பாடலாமா என்று நான் கேட்டேன். அவருக்குக் கேட்கவில்லை. மனைவி எனக்காக உரத்துக் கேட்டாள். பேசலாம் என்று அவர் சொன்னார். கேட்ட கேள்விக்கு அது விடையன்று என்பது மூவருக்கும் தெரிந்திருந்தது.

அவர் தந்த கடிதத்தோடு, மலைநாட்டு நகரம் ஒன்றிலிருந்த பெரிய வைத்தியசாலைக்கு, கல்முனையிலிருந்து முதல் பஸ்ஸில் புறப்பட்டோம். நண்பகல் கடந்து போய்ச் சேர்ந்தோம். சோதனை அறையின் சுவரில் மனிதக் கையும் காலும் நரம்புகளோடு வரையப்பட்ட படங்கள் இருந்தன. கழுத்துப் படம் ஒன்றும் இல்லை. எங்களுக்கு முன்னர் உள்ளே போனவர் விரல் விறைத்துப் போன ஒரு பெண். மருத்துவரும் ஒரு பெண்தான். யாழ்ப்பாணத்தவர் என்பது அவர் வாய் திறந்ததும் தெரிந்தது.

"ஐயா, முதலே சொல்லிப்போடுறன். இந்த மிசின் கை கால் பாக்கத்தான் வந்தது. தொண்டைக்கு எப்பவாவது ஒராள்தான் வாறது. இது பிழையாப் போகவும் கூடும்."

இந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. சீட்டொன்றின் பின்புறத்தில் அவர் நரம்பை வரைந்து காட்டினார். இடதுபுறத்து நரம்பு கழுத்தில் நின்றுவிடாமல் நெஞ்சுக்குள் இறங்குகிறது. இதயத்திலிருந்து எழும் பெருநாடியை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, வந்த வழியே மேலேறிக் குரல்வளையை அடைகிறது. கழுத்திலேயே இருக்கும் இடத்துக்கு ஏன் இத்தனை தூரம் என்று மனைவி கேட்டாள். படைத்தவனைத்தான் கேட்க வேண்டும் என்றார் மருத்துவர். குரலை மேலே ஏற்றும் தசை வேறு. அதற்கு வரும் நரம்பும் வேறு. அது நூல் போல மெல்லியது. இரண்டையும் பார்க்க வேண்டும். தசைகளோ மிகச் சிறியவை. குருத்தெலும்புக்குப் பின்னால் ஒளிந்திருப்பவை. கழுத்தில் சத்திரசிகிச்சைத் தழும்பு வேறு இருந்தது. ஊசி போகும் வழி கண்ணுக்குத் தெரியாது.

"காதாலைதான் பாக்கிறது," என்றார்.

தோள்களுக்குக் கீழே தலையணையை மடித்து வைத்து, கழுத்து நிமிர்ந்து தெரியும்படி என்னைக் கிடத்தினார். மார்பில் ஒரு கம்பி ஒட்டப்பட்டது. மனைவி கால்மாட்டில் ஒரு முக்காலியில் அமர்ந்தாள்; என்னைத் தொடக் கூடாது, தொட்டால் மிசின் இரையும் என்று அவளுக்குச் சொல்லப்பட்டது. எனக்குக் கட்டளைகள் மூன்று. விழுங்கக் கூடாது. இருமக் கூடாது. சொல்லும்வரை சும்மா இருக்க வேண்டும். விழுங்காதே என்று ஒருவரிடம் சொன்னால் வாயில் ஊறுவதைப் போல வேறு எப்போதும் ஊறுவதில்லை. நோன்பு காலத்திலும் நான் அப்படி அவதிப்பட்டதில்லை.

ஊசி புகுந்தது. வலியைவிட, அது இருக்கக் கூடாத இடத்தில் இருக்கிறது என்ற உணர்வே பெரிதாயிருந்தது. முதன்முறை இருமிவிட்டேன். இரண்டாம் முறை விழுங்கிவிட்டேன். மூன்றாம் முறை ஊசி நிலைத்தது. தலையைச் சற்றுத் தூக்கச் சொன்னார். மிசினின் ஒலிபெருக்கியில் மாற்றம் இல்லை. தலை தூக்கும்போது இரைந்தால் ஊசி கழுத்தின் வெளித்தசையில் நிற்கிறது என்று பொருளாம். இரையவில்லை, ஆகவே உள்ளே போய்விட்டது. இனிச் சும்மா இருங்கள் என்றார். சும்மா இருக்கும் தசை அமைதியாக இருக்க வேண்டும். நரம்பை இழந்த தசைதான் தனக்குத்தானே இரைந்துகொண்டிருக்கும். இதை அவர் முன்னரே சொல்லியிருந்தார்.

நான் சும்மா இருந்தேன். ஒலிபெருக்கி பொரிந்தது.

தகரக் கூரையில் முதல் மழைத்துளிகள் விழுவது போன்ற ஓசை. விட்டு விட்டு வந்தது. மருத்துவர் திரையைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். ஓசை நிற்கவில்லை. குழல் விளக்கை அணைத்து, யன்னல் திரையை விலக்கினார். அப்போதும் நிற்கவில்லை. மனைவியின் கைப்பையில் தொலைபேசி இருக்கிறதா என்று கேட்டு, பையை வெளியே வைத்துவிட்டு வரச் சொன்னார். தொழுகை நேரத்துக்குப் பாங்கு சொல்லும் தொலைபேசி அது. அதுதான் இடையில் புகுந்துவிட்டதோ என்று மனைவி கவலைப்பட்டது எனக்குக் கேட்டது. மார்பில் ஒட்டிய கம்பியைப் பிடுங்கி, பசை தடவி, மறுபடி ஒட்டினார். பொரிதல் நின்றபாடில்லை. சற்று ஓயும், பின்னர் மறுபடி தொடங்கும்.

"ஐயா, கதைக்கிறீங்களோ?"

இல்லை என்று கையை அசைத்தேன். உண்மையும் அதுதான்; என் உதடுகள் மூடியிருந்தன. மருத்துவர் தமக்குள் ஏதோ சொல்லிக்கொண்டார். அந்த ஓசைக்கு என்ன பொருள் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. சும்மா இருக்கும் தசை இரைகிறது, நரம்பு இறந்துவிட்டது, கட்டைதான் முடிவு, மூன்றாம் அடி இனி இல்லை. அச்சம் கூடக் கூட, அந்த ஓசையும் கூடிக்கொண்டே போயிற்று.

அப்போது கால்மாட்டிலிருந்து மனைவி பேசினாள்.

"டொக்டர், மிசின்ல பிழையில்ல. இவரு பாடிட்டு இரிக்காரு."

"வாய் அசையேல்லையே அம்மா."

"வாய் அசையாது. பெருவிரலப் பாருங்க."

மருத்துவர் என் வலக்கையைப் பார்த்தார். நானும் அப்போதுதான் அறிந்தேன். கட்டிலின் ஓரத்தில் கிடந்த என் கையில் பெருவிரல் கணுக் கணுவாகப் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு கணுவுக்கும் ஒலிபெருக்கி ஒருமுறை பொரிந்தது. ஆறு பொரிதல், ஓர் ஓய்வு. மறுபடி ஆறு. அச்சத்தில் நான் ஒன்பதாம் பாடலை உள்ளே ஓதிக்கொண்டிருந்தேன். ஓதுகிறேன் என்பதே எனக்குத் தெரியவில்லை. பழக்கம் அத்தனை ஆழத்தில் இருந்திருக்கிறது. நாவுக்கும் உதட்டுக்கும் எட்டாத அந்த ஓதலைக் குரல்வளைத் தசை மட்டும் விடாமல் பின்தொடர்ந்திருக்கிறது. அந்நாள்வரை, உள்ளே ஓதுவதை அறிபவன் அல்லாஹ் ஒருவனே என்று எண்ணியிருந்தேன். அன்று ஓர் ஊசியும் அறிந்தது.

பாட்டை நிறுத்துங்கள் என்று மருத்துவர் சொன்னார். நபிபுகழை நடுச்சீரில் அறுப்பது அதபு அன்று, மரியாதைக்குறைவு. ஆகவே நான்காம் அடியை முடித்தேன். பெருவிரல் கடைசிக் கணுவில் நின்றது. ஒலிபெருக்கி ஓய்ந்தது. அறையில் அப்படியோர் அமைதி. அந்த அமைதிக்குள், நாற்பது ஆண்டுப் பழக்கத்தால், தன்னை அறியாமல் மனைவி சொன்னாள்:

"கரை."

அவள் வாய் மூடுமுன் ஒலிபெருக்கி வெடித்துப் பொரிந்தது. பத்தாம் பாடல் தொடங்கிவிட்டது. தொடங்கியவன் நானென்று சொல்ல எனக்குத் துணிவில்லை. மருத்துவர் முதலில் திடுக்கிட்டார்; பின்னர் சிரித்தார்; ஊசி பிடித்த கை மட்டும் அசையவில்லை.

"அம்மா, நீங்கள் இனி ஒண்டும் கதைக்காதேங்கோ. ஐயாவை நான் பாக்கிறன்."

அதன் பின் அவர் என்னைச் சொல்ல வைத்த சொல் ஒன்றேயொன்று. "ஈ எண்டு சொல்லுங்கோ," என்றார். எந்த மொழிக்காரர் அந்தக் கட்டிலில் கிடந்தாலும் அந்த ஓசையைத்தான் கேட்பார்களாம். நாண்கள் நன்றாக நெருங்குவது அதற்குத்தானாம். அவருக்கு அது வெறும் ஓசை. தமிழில் அது ஒரு சொல். ஈ, தா, கொடு என்ற மூன்றும் ஒரே பொருளைத் தந்தாலும், சொல்பவர் வேறு என்று இலக்கணம் பிரித்து வைத்திருக்கிறது. ஒத்தவனிடம் கேட்பவன் தா என்பான். தாழ்ந்தவனிடம் கேட்பவன் கொடு என்பான். தன்னைவிட உயர்ந்தவனிடம் கையேந்துகிறவனுக்கு மட்டும் உரியது ஈ. ஆயுள் முழுவதும் விருத்தங்களில் பாடிவந்த சொல்லை, கழுத்தில் ஊசியோடு, மல்லாந்து கிடந்து, விளக்கணைந்த அறையில், காற்றாகச் சொன்னேன். ஈ. மருத்துவர் மறுபடி என்றார். ஈ. ஒலிபெருக்கி பொரிந்தது; அடர்த்தி குறைந்ததாயினும் பொரிந்தது. எத்தனை முறை கேட்டாலும் சலிக்காமல் கேள் என்று முன்னோர் துஆ எனும் வேண்டுதலைப் பற்றிச் சொல்வார்கள். அன்று நான் சலிக்கவில்லை.

இரண்டாம் ஊசி, குரலை மேலே ஏற்றும் தசைக்கு. கீழிருந்து தொடங்கி மேலே போகும்படி ஈ சொல்ல வேண்டும். குரலே இல்லாதவன் குரலை எங்கே ஏற்றுவது? மூன்றாம் அடியை நினைத்துக்கொண்டு ஏற்றினேன். தொலைவில் ஒற்றை ஒற்றையாய்ச் சில துளிகள் விழுந்தன. ஊசியைச் சற்றே மாற்றினார். மீண்டும் ஏற்றினேன். அதே சில துளிகள். மூன்றாம் முயற்சியில் இருமல் வந்து, கழுத்தில் ஒரு பொட்டு இரத்தம் அரும்பியது. போதும் என்று பஞ்சை வைத்து அழுத்தினார்.

விளக்குகள் எரிந்தன, மின்விசிறி சுழன்றது. மருத்துவர் எழுதிக்கொண்டே விளக்கினார். நாணை நடுவுக்குக் கொண்டுவரும் தசையில் உயிர் திரும்பிக்கொண்டிருக்கிறது. கட்டை வைக்க அவசரப்பட வேண்டாம் என்று கடிதத்தில் எழுதுகிறார். மேலே ஏற்றும் தசையைப் பற்றித் தெரியாது. நரம்பு குன்றியிருக்கலாம், தழும்பு ஊசியைத் திருப்பியிருக்கலாம், ஊசி பக்கத்துத் தசையில் நின்றிருக்கலாம். எத்தனை துளி விழுந்தால் நலம், எத்தனை விழுந்தால் கேடு என்பதற்கும் எல்லாரும் ஒப்பிய அளவு கிடையாது. கேட்பவர் காதைப் பொறுத்தது. ஆகவே, தெரியாது என்றே எழுதுவேன் என்றார். எங்கள் மார்க்க அறிஞர்கள் ஒரு தீர்ப்பை எழுதி முடித்தபின் அல்லாஹ்வே மிக அறிந்தவன் என்று கீழே எழுதுவார்கள். அந்த அம்மையாரின் அறிக்கையில் அந்த வரிதான் இல்லை.

எழுந்து அமர்ந்து, எனக்கு வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்டேன். அவருக்குக் கேட்கவில்லை. மனைவி எடுத்துச் சொன்னாள்.

"குரல மேல ஏத்திப் பாட்டுப் படிக்க ஏலுமாண்டு கேக்காரு."

மருத்துவர் பேனாவை வைத்தார்.

"அதை ஊசி சொல்லாது ஐயா. இண்டைக்கு என்ன இருக்கெண்டுதான் அதுக்குத் தெரியும்."

அன்றே திரும்பும் பஸ்ஸில் ஏறினோம். மலை இறங்கிச் சமவெளி வந்தபின், வயல்களில் வெயில் சாய்ந்து கிடக்கையில், மனைவி தன் பாட்டில் சிரிக்கத் தொடங்கினாள். என்னவென்று பார்த்தேன். ஊருக்கெல்லாம் கேட்காத பாட்டைக் கேட்க, படித்த டொக்டர் ஒருவரும் விலை கூடிய மிசின் ஒன்றும் தேவைப்பட்டதாம். அவளுக்கோ ஒரு விரல் போதுமாயிருந்தது என்றாள். பிறகு யன்னல் பக்கம் திரும்பி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கட்டை வைக்கவில்லை. காத்திருந்தோம். ரமழான் வந்து போயிற்று. ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் சற்று முன்பு, தண்ணீர் குடித்தால் புரைக்கேறுவது நின்றது. பின்னர் ஒருநாள் வீதியில் ஒருவர் ஸலாம் சொன்னபோது, கையை நெஞ்சில் வைக்க மறந்து வாயால் பதில் சொன்னேன். அவர் அதைக் கேட்டு நின்றுவிட்டார். முன்னர் மூன்று வெள்ளிக்கிழமைகள் முகம் பாராமல் போனவரே அவர். குரல் திரும்பிற்று, ஆனால் புறப்பட்டுப் போன குரல் அன்று. தணிந்தது, கரகரத்தது, அடியில் மணல் கிடப்பது போன்றது. மீன்காரர் மட்டும் பழைய பழக்கத்தை விடவில்லை. இன்றும் என்னைக் கண்டால் குனிந்து காதுக்குள்தான் சொல்கிறார்.

குரல் ஓரளவு நிலைத்த ஒரு விடியலில், நான் தொழுது வந்து அமர்ந்ததும், குசினியிலிருந்து, "கரை" என்ற சொல் வந்தது. அவள் எதையும் எதிர்பாராதவள் போலச் சொன்னாள். நான் பத்தாம் பாடலைத் தொடங்கினேன். முதலடி போயிற்று. இரண்டாம் அடியும் போயிற்று.

"மச்சான், கிணத்துக்குள்ள இருந்து படிக்கிற மாதிரி இரிக்கி," என்றாள். பின்னர், தாழ்ந்து, "நிப்பாட்டாதீங்க. படிங்க," என்றாள்.

மூன்றாம் அடியில் ஏறினேன். இரண்டாம் சீரிலேயே குரல் மடங்கி அறுந்தது. மறுநாள் மறுபடி ஏறினேன். அதற்கு மறுநாளும் ஏறினேன். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அறுந்தது. ஊரிலுள்ள காது மூக்குத் தொண்டை மருத்துவர் ஓர் ஆண்டு பொறுத்துப் பார்க்கச் சொன்னார். அந்த ஆண்டும் கழிந்துவிட்டது. விருத்தத்தைத் தாழ்ந்த இராகத்துக்கு மாற்றிப் பாடலாமே என்று பள்ளிவாசலில் அன்போடு சொன்னார்கள். மாற்றலாம். வேண்டுதல் இருக்கும் அடியைச் சமநிலத்தில் நடத்திக்கொண்டு போக மட்டும் எனக்கு மனம் வரவில்லை. அந்த உயரத்தை நினைக்காமல் ஒரு விடியலும் எனக்குக் கழிவதில்லை.

ஆகவே இப்போது மூன்றாம் அடி வந்ததும் வாயை மூடிக்கொள்கிறேன். அந்த அடியை உள்ளே பாடுகிறேன், பழைய முழு ஏற்றத்தோடு. கழுத்துக்குள் ஏதேனும் பொரிகிறதா என்பது எனக்குத் தெரியாது; கேட்க அங்கே ஊசி இல்லை. முதலில் சில நாள் மனைவி குழம்பினாள். நான் எங்கே நிற்கிறேன் என்பது குசினிக்குள் இருந்தவளுக்குத் தெரியவில்லை. சொல்லை முந்தியும் பிந்தியும் தந்தாள். பின்னர் ஒருநாள், என்னிடம் ஒன்றும் சொல்லாமல், பலகையையும் உரலையும் தட்டுகளையும் குசினி வாசலுக்கு நகர்த்தினாள். அங்கிருந்து பார்த்தால் விறாந்தையில் என் வலக்கை தெரியும். மூன்றாம் அடி வரும்போது பிழிவதை நிறுத்திவிடுகிறாள். பெருவிரல் ஆறு கணுக்களையும் கடக்கும்வரை, உரலைப் பிடித்த கையோடு பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான்காம் அடியில் நான் இருக்கும் குரலோடு இறங்கி வந்து முடிக்கிறேன். அவள் சொல்லைத் தருகிறாள்.